வந்த வழி தெரியாத பவளம்

பரவாயில்ல சார், ஃபேனெல்லாம் வேணாம். உங்க பொண்ணு எஸ்தர் ஆறரைக்கு வந்துடும்னா நான் இங்கயே உக்காந்திருக்கேன். முப்பத்தாறு வருஷம் ஜனங்க எனக்காகக் காத்துக் கிடந்தாங்க. ஒரு நாள் நான் காத்திருந்தா குறைஞ்சா போயிடுவேன். என் பேரு மாசிலாமணி. பத்திரப் பதிவு ஆபீஸ்ல சார்பதிவாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். இந்த வீட்டை வாங்கினப்போ நீங்க யாரோ ஒரு சார்பதிவாளர் முன்னாடி கையைக் கட்டிட்டு நின்னிருப்பீங்க இல்ல, அந்த ஜாதி.

இந்த டப்பாவை உள்ள குடுத்துடுங்க. முறுக்கு. என் வீட்டுக்காரி குடுத்தனுப்பினா. "எஸ்தருக்கு எள்ளு தூக்கலா இருந்தாதான் பிடிக்கும்"னு சொல்லி ரெண்டு பிடி அதிகமாவே போட்டா. அது எப்படித் தெரியும்னு என்னைக் கேக்காதீங்க. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தானா தெரியும் போல. உங்க வீட்டுக்கு வழி சொன்னதும் அவதான். "அயனாவரத்துல மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து, நீலக் கேட்டு, வாசல்ல முருங்கை மரம், மரத்துல கம்பளிப்பூச்சி இருக்கும், ஓரமா போங்க"ன்னா. உனக்கு எப்படித் தெரியும்னேன். "உங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருப்பாங்களே"ன்னா. குரூப்ல கம்பளிப்பூச்சி வரைக்கும் போடறாங்க, நான்தான் பாக்கல.

அம்மா எப்படி இருக்காங்கன்னா? என் வீட்டுக்காரியைத்தானே, நல்லா இருக்கா சார். மரியாதைக்குக் கேக்கறீங்க, சந்தோஷம்.

விஷயத்துக்கு வரேன். உங்க பொண்ணு மாடியில ஒரு தொட்டி வெச்சிருக்கே, உப்புத் தண்ணி, நீல லைட்டு. பாத்திருப்பீங்க, கரண்டு பில்லும் பாத்திருப்பீங்க. எங்க வீட்டுல ஹால்ல நாலடித் தொட்டி. அதுல இருக்கிறது பவளம். மோதிரத்துல வெக்கிற கல்லு இல்ல சார், உயிரு. நான் சொல்ற வகை சட்டைப் பொத்தான் சைஸு. கல்லுல ஒட்டிக்கிட்டு, லைட்டைப் போட்டா விரியும், அணைச்சா மூடிக்கும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். ஓரத்துல கொஞ்சம் வெட்டி வேற கல்லுல ஒட்டினா அங்கயும் போய்க் குடும்பம் நடத்தும். இது நம்ம கடல்ல எடுக்கிறது இல்ல, எடுத்தா உள்ள வெச்சுடுவாங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்ததோட பிள்ளை, பேத்தி, கொள்ளுப்பேத்தி.

இதுல வம்பு எங்கன்னா, பேரு. ஒரே பொத்தான், ஆயிரம் நிறம். நடுவுல சிவப்பு, ஓரம் பச்சைன்னா ஒரு பேரு. நடுவுல பச்சை, ஓரம் சிவப்புன்னா அது வேற வம்சம், வேற பேரு, வேற மரியாதை. எங்க குரூப்ல, வடசென்னை கடல்தொட்டி நண்பர்கள்னு பேரு, அறுபத்து மூணு பேரு இருக்கோம். நாயன்மார் கணக்கு. பக்திதான் கிடையாது. ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு பேரு வெச்சுக்கிட்டாங்க. அண்ணாநகர்ல ஒரு டாக்டர், அவர் வீட்டுல ஒரு பொத்தான், அதுக்குக் கோமேதக மகாராஜான்னு பேரு. நான் போனேன். நீல லைட்டுல ஜொலிக்குது. புடவைக் கடையில நம்ம வீட்டம்மாங்க என்ன பண்ணுவாங்க, புடவையைத் தூக்கிட்டு வாசல் வெளிச்சத்துக்கு வருவாங்க இல்ல? நானும் பையிலேர்ந்து வெள்ளை டார்ச்சை எடுத்து அடிச்சேன். மகாராஜா, நேத்து வெச்ச கத்தரிக்காய்ப் பொரியல் கலர்ல உக்காந்திருந்தார். டாக்டர் முகமும் கிட்டத்தட்ட அதே கலருக்கு வந்துடுச்சு.

அப்போதான் முடிவு பண்ணினேன், இதுக்கு ஒரு ஒழுங்கு வேணும்னு. நீங்களே சொல்லுங்க, மூலப் பத்திரம் இல்லாம வீடு வாங்குவீங்களா? வித்தவன் யாரு, அவனுக்கு வித்தவன் யாரு, அதுக்கு முன்னாடி யாருன்னு பாக்கறோமா இல்லையா? பவளத்துக்கும் அதான். தாய்க் கல்லு யாரு வீட்டுல இருக்கு, அதுலேர்ந்து எப்போ வெட்டினாங்க, யார் குடுத்தாங்க, யார் வாங்கினாங்க. இதெல்லாம் இருந்தா பேரு. இல்லேன்னா, நிறம் ஒத்துப் போனாலும், உருவம் ஒத்துப் போனாலும், அது பேரில்லாத பொத்தான். இதுக்குன்னு ஒரு நீள நோட்டு போட்டேன். இதோ, பையிலயே இருக்கு. பாரிமுனையில ரப்பர் ஸ்டாம்பு செஞ்சேன். என்னை யாரும் கேக்கல. கேக்காமலே செய்யறதுதானே சார் சேவை.

காபியா? சர்க்கரை இல்லாம. தேங்க்ஸ்ம்மா.

டம்ளர்ல பேரு வெட்டியிருக்கு பாருங்க, ஜெ. மரியம்மாள், தேதி. உங்க வீட்டம்மா கல்யாணச் சீரு, இல்ல? இதுதான் சார் நம்ம நாகரிகம். பேரு வெட்டின பாத்திரம் ஊரெல்லாம் சுத்தினாலும் யாரு வீட்டுதுன்னு தெரியும். எங்க மாமனாரும் ஒரு கரண்டி விடாம வெட்டிக் குடுத்தார். அதுல ஒரு தூக்கு, ஒரு லிட்டர் பிடிக்கும், ரெண்டு வருஷமா காணல. வேலை செய்யற அம்மா மேல எனக்கு ஒரு இது. வீட்டுக்காரி அடிச்சுச் சொல்றா, "அவ எடுக்கல, அது பத்திரமா ஒரு இடத்துல இருக்கு, நிறைஞ்சு வரும்"னு. காணாமப் போன தூக்கு நிறைஞ்சு வருமாம். ஜோசியம்.

சரி, எங்க விட்டேன்? நோட்டு. பதிவு எண் ஒண்ணு, என்னோடது. பேரு திலகவதி. கொளத்தூர்ல ஒரு கடையில வெறும் பாறைக் கல்லுன்னு வாங்கினேன், ஒரு ஓரத்துல ஒரே ஒரு பொத்தான் மூடிக்கிட்டு இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு விரிஞ்சுது. ஓரமெல்லாம் பச்சை, உள்ள மஞ்சள் வளையம், நடுவுல குங்குமம் வெச்ச மாதிரி ஒரு சிவப்பு. நாலு வருஷத்துல இருநூறு ஆச்சு. வீட்டுக்காரி பேரையே வெச்சேன். அவ பேரு வெச்சா தொட்டிச் செலவைப் பத்திக் கேள்வி வராது பாருங்க. அவ கேட்டா, "என் பேருல இருக்குன்னா, அதுல கொஞ்சம் நான் யாருக்காவது குடுக்கலாமா?"ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "திலகா, பேரு மட்டும்தான் உன்னது, பாத்தியதை என்னது"ன்னு விளக்கினேன். சரின்னு எழுந்து போயிட்டா. புரிஞ்சுடுச்சு.

அந்தத் தாய்க் கல்லுலேர்ந்து நான் ஒருத்தருக்கும் வெட்டிக் குடுத்தது இல்ல. மத்தவங்க குடுப்பாங்க. இந்தப் பழக்கத்துல ஒரு பைத்தியக்கார சம்பிரதாயம் இருக்கு: நல்லதா ஒண்ணு வந்தா முதல்ல நாலு பேருக்கு வெட்டிக் குடுக்கணுமாம், நாளைக்கு நம்ம வீட்டுது செத்தா அவங்க வீட்டுலேர்ந்து திரும்பி வருமாம். நான் கேட்டேன், என் வீட்டுது ஏன் சாகணும்? கவனமில்லாதவங்க வீட்டுதுதான் சாகும்.

காலையில எழுந்தா முதல்ல அதைத்தான் பாப்பேன் சார். லைட்டைப் போட்டு, அது ஒவ்வொண்ணா விரியற வரைக்கும் நின்னு பாப்பேன். ஆபீஸ்ல இருந்தவரைக்கும் காலையில எழுந்தா என்னைப் பாக்க நூறு பேர் இருந்தாங்க. ரிட்டையர் ஆனப்புறம் நான் வந்தா விரியறது அது ஒண்ணுதான். அதைச் சொல்லிடறேன், அப்புறம் என்னைப் பத்தி நீங்க என்ன வேணா நெனைச்சுக்கங்க.

மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க கூட்டம். பெரம்பூர்ல ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால், இலை போடற மேஜை மேல எல்லாரும் சின்னச் சின்னத் தொட்டி வெச்சிருக்காங்க. நான் டார்ச்சும் நோட்டுமா ஒவ்வொரு மேஜையா போறேன். கடைசி மேஜையில உங்க பொண்ணு. குரூப்ல புதுசு, என் நோட்டுல நாற்பத்தொண்ணாவது பதிவு. தொட்டியில ஒரு கல்லு, அதுல பதினஞ்சு இருபது பொத்தான். பச்சை, மஞ்சள், நடுவுல சிவப்பு. கீழ ஒரு சீட்டு ஒட்டியிருக்கு: திலகவதி அம்மா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. என் வம்சத்தைத் திருடினது பத்தாதுன்னு... திருடினதுன்னு சொல்லல. சொல்லல சார், உக்காருங்க. என் பேரை எடுத்து, அதுக்குப் பின்னாடி ஒரு அம்மாவையும் சேத்துக்கிட்டா? பதிவான பேருல ஒரு எழுத்துக் கூட்ட யாருக்கு உரிமை இருக்கு?

"இது எங்கேர்ந்து வந்தது?"ன்னேன்.

"உங்க வீட்டுலேர்ந்துதான் சார்"னுச்சு. சாதாரணமா, பால் எங்க வாங்கினேன்னு சொல்ற மாதிரி.

"என் வீட்டுலேர்ந்து என் கையெழுத்து இல்லாம ஒரு கல்லு வெளிய போகாது. யார் குடுத்தா?"

உங்க பொண்ணு என்னையே பாத்துச்சு. சுத்தி நாற்பது பேர் நிக்கறாங்க. நான் மூணு தரம் கேட்டேன். முறைப்படி மூணு தரம். பதில் இல்ல. யாரையோ காப்பாத்தற மாதிரி ஒரு நிப்பு. யாரைக் காப்பாத்தறதுக்கு இருக்கு இதுல?

டார்ச்சை அடிச்சேன். நடு சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சா இருக்கு, ஓரப் பச்சை வெளுப்பு. என்னோடது குங்குமச் சிவப்பு. "வேற வம்சம்"னேன். "இல்ல சார், லைட்டு மாறினா நிறம் மாறும், எங்க வீட்டு லைட்டு சின்னது, ஆறு மாசம் உங்க தொட்டியில வெச்சுப் பாருங்க, பழையபடி வந்துடும்"னுச்சு. எனக்கே பாடம். நான் கேட்டேன், "ஏம்மா, பக்கத்து வீட்டுப் பத்திரத்தை என் பீரோவுல ஆறு மாசம் வெச்சா அது என் பேருக்கு மாறிடுமா?" எல்லாரும் சிரிச்சாங்க. டாக்டர் கொஞ்சம் அதிகமாவே சிரிச்சார், மகாராஜாக் கடுப்பெல்லாம் தீர்ந்து போயிடுச்சு. நோட்டைப் பிரிச்சு, சிவப்பு மையில, எண் நாற்பத்தொண்ணு, போலி, வந்த வழி தெரியலன்னு எழுதி ஸ்டாம்பு வெச்சேன்.

அவ்வளவுதான் சார் நான் பண்ணினது. வந்த வழி தெரியலன்னேன். ராத்திரி குரூப்ல ரெண்டு பேர் அதைத் திருட்டுன்னு படிச்சா, அது அவங்க படிப்பு. சார்பதிவாளர் எழுதறது ஒண்ணு, ஜனங்க புரிஞ்சுக்கறது ஒண்ணு. இது ஆதிகாலத்துலேர்ந்து இருக்கு.

என்னது? லேப்ல கூப்பிட்டு விசாரிச்சாங்களா? எஸ்தரையா?

இல்ல, எனக்குத் தெரியாது. சத்தியமா. ரத்தப் பரிசோதனை லேபுன்னு குரூப்ல யாரோ சொன்னாங்க, அவ்வளவுதான் தெரியும். அந்த டாக்டர் போய்ச் சொன்னாரா. வீடு வீடா போற பொண்ணு மேல இப்படி ஒரு பேச்சு இருந்தா சரியா வராதுன்னு, வெளிய அனுப்பறதையே நிறுத்திட்டாங்களா. அதுல சம்பளமும்... சரி. சரி சார். நான் அப்படி நெனைச்சு எழுதல. சிவப்பு மை, விதிப்படி போடறது.

இந்த லேபுக்காரங்களே இப்படித்தான் சார், ஆளை மாத்திக்கிட்டே இருப்பாங்க. எனக்குச் சர்க்கரை. மூணு மாசத்துக்கு ஒரு தரம் காலையில வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்க. ரெண்டு மூணு வருஷமா ஒரு பொண்ணு வந்துக்கிட்டிருந்துச்சு. என்ன கை சார் அது. எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது. எனக்கு ஊசின்னா ஆகாது, பெல் அடிச்சதுமே சோபாவுல உக்காந்து கண்ணை இறுக்கி மூடிக்குவேன், முடிஞ்சு அது போற வரைக்கும் திறக்க மாட்டேன். "ஆச்சு சார், கையை மடக்கிக்கங்க"ன்னு ஒரு குரல் வரும், அதோட சரி. அப்புறம் வீட்டுக்காரியும் அதுவும் தொட்டிகிட்ட நின்னு என்னமோ பேசிக்கிட்டு இருக்கும். காபி, இட்லி, சிரிப்பு. அரை மணி. பாவம், திலகாவுக்கும் பேச ஆள் வேணுமே. போன மாசம் அந்தப் பொண்ணு வரல. எவனோ ஒருத்தன் வந்தான். ரெண்டு இடத்துல குத்தினான், இதோ பாருங்க, இன்னும் கருப்பு போகல. அந்தப் பொண்ணை எங்க தூக்கிப் போட்டாங்களோ. நல்ல வேலைக்காரங்களுக்கு இந்த ஊர்ல காலம் இல்ல.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போய்த் திலகாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பாராட்டுவான்னு பாத்தா, "எஸ்தர் பொய் சொல்ற பொண்ணு இல்லையே"ங்கறா. நான் சொன்ன பத்து நிமிஷத்துல அந்தப் பொண்ணு பக்கம் சேந்தாச்சு. "நான் ஒண்ணு சொல்லணும்"னா. இரு, சான்றிதழ் எழுதிட்டு வரேன்னேன். மறுநாள் "அந்தத் துண்டு இருக்கில்ல..."ன்னு ஆரம்பிச்சா. திலகா, தெரியாத விஷயத்துல தலையிடாதேன்னேன். இன்னொரு நாள் சாப்பாட்டு வேளையில. அப்போ டாக்டர் போன்ல இருந்தார். அப்புறம் ஒரு வாரம் அவ பேசவே இல்ல. புரட்டாசி, ஏதோ மௌன விரதம்னு நெனைச்சேன். நல்லதுன்னு விட்டுட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் சார் அது நடந்தது. அடுத்த கூட்டத்துல தாய்க் கல்லையே கொண்டு போய்க் காட்டி, எது அசல் எது போலின்னு ஒரு தரம் நிரூபிச்சுடலாம்னு இருந்தேன். கொண்டு போறதுக்கு முன்னாடி பூச்சி கீச்சி போக மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கணும். ஏழு நிமிஷம். ஏழே நிமிஷம். முக்கினேன். அந்த நேரம் பாத்து குரூப்ல வியாசர்பாடியிலேர்ந்து ஒருத்தர், "எனக்கென்னமோ எஸ்தர் மேடத்தோடதும் உங்களோடதும் ஒண்ணாத்தான் தெரியுது"ன்னு போடறார். பதில் சொல்லாம விட முடியுமா? எழுதினேன். பதினோரு பத்தி. மூலம்னா என்ன, அனுபவம்னா என்ன, நிறம் ஏன் சாட்சி ஆகாது, எல்லாத்தையும். ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. கட்டை விரல் ஒண்ணும் எழுதிப் பழகினது இல்ல பாருங்க.

திரும்பிப் பாத்தா இருநூறும் மூடியிருக்கு. தொட்டியில விட்டேன். விரியும்னு பாத்தேன். மறுநாள் காபித்தூள் கலர். மூணாவது நாள் தொட்டா கையில வழுவழுன்னு கரைஞ்சு வருது. இது போனோட தப்பு, வேற ஒண்ணும் இல்ல.

நான் லைட்டைப் போட்டுட்டு நின்னுக்கிட்டிருந்தேன் சார். வெறும் கல்லுக்கு லைட்டு. திலகா பின்னாடி வந்து நின்னா. நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அவ தோள்ல கையை வெச்சா. "நாலு பேருக்குக் குடுத்திருந்தா இருந்திருக்கும்"னு சொல்லுவான்னு காத்திருந்தேன். சொல்லல. அதுக்குப் பதிலா, "எஸ்தர்கிட்ட இருக்கு, போய்க் கேளுங்க"ன்னா.

"அது வேற வம்சம்"னேன்.

"சரி. வேற வம்சமாவே இருக்கட்டும். போய்க் கேளுங்க"ன்னா.

நான் ரெண்டு வாரம் யோசிச்சேன். சங்கடம் என்னன்னு உங்களுக்குப் புரியுதா சார்? என் நோட்டுப்படி திலகவதிங்கற வம்சம் உலகத்துலயே ஒரே ஒரு கல்லு. அந்தக் கல்லு போச்சு. வெளிய குடுத்ததா ஒரு பதிவும் இல்ல. உங்க மாடியில இருக்கிறது போலின்னு நானே எழுதி, நானே ஸ்டாம்பு வெச்சிருக்கேன். அதை வாங்கிட்டுப் போய் என் தொட்டியில வெச்சா, என் விதிப்படி அதுக்கு நான் திலகவதின்னு பேரு வெக்க முடியாது. நான் போட்ட பூட்டு, சாவி உள்ள.

அதனால ஒரு வழி கண்டுபிடிச்சு வந்திருக்கேன். எஸ்தர் ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா போதும். எங்கேர்ந்து வாங்கினேன், யார் குடுத்தாங்கன்னு. அது எழுதிக் குடுத்தா நான் பெரிய மனசு பண்ணிப் போலிங்கறதை எடுத்துடுவேன். நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்னு தப்பா நெனைச்சுடாதீங்க. இது நிர்வாக ரீதியான...

வந்தாச்சா. வாம்மா. உங்க அப்பாகிட்டதான் பேசிக்கிட்டிருந்தேன்.

நான் நல்லா இருக்கேன். சர்க்கரையா? நூத்தி எண்பது. அது எதுக்கு இப்போ கேக்கறே? கையா? ஆமா, கருப்பா இருக்கு, போன தடவை வந்தவன்... பரவாயில்ல, நீ போய்த் துணி மாத்திட்டு வா. உள்ள போய் என்ன எடுக்கப் போற? நான் இன்னும் விஷயத்தையே சொல்லலையே. அம்மா போன் பண்ணிச் சொல்லிட்டாங்களா? எந்த அம்மா?

என்ன சார், உங்க பொண்ணு மாடிக்கு ஓடுது. நான் ஒரு விண்ணப்பம் தயார் பண்ணிக்கிட்டு வந்தேன், வரிசையா சொல்லலாம்னு.

என்னம்மா இது, தூக்குல கொண்டு வரே? எவர்சில்வர்ல யாராவது உப்புத் தண்ணி ஊத்துவாங்களா? துருப் பிடிக்கும். சரி, அரை மணிதானே, தாங்கும்னா தாங்கும். இப்படிக் குடு. கனமா இருக்கே. எவ்வளவு வெட்டியிருக்கே? பாதியா? உன்கிட்ட இருக்கிறதுல பாதியா?

எதுக்கும்மா மூடியைப் பாக்கச் சொல்றே?

இரு. கண்ணாடி போட்டுக்கறேன்.

சி. திலகவதி. நாலு, ஒன்பது, எண்பத்தேழு.

இது எங்க மாமனார் வெட்டினது சார். அந்த நாலு அவருக்கு எப்பவும் இப்படித்தான் கோணிக்கும்.

இந்தத் தூக்குலதான் குடுத்தாளா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி? நான் எங்க இருந்தேன்?

நானும் அங்கயேதான் இருந்தேனா. சோபாவுலயா.

ஒரு தரம் சொல்லும்மா. நான் இப்போ கண்ணை மூடிக்கறேன், அந்த "ஆச்சு சார்" சொல்லு. சொல்லு, பரவாயில்ல.

சரி. போதும். போதும்மா.

மூணு வருஷம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்திருக்கு இந்தப் பொண்ணு. கூட்டத்துல நாற்பது பேர் முன்னாடி நிக்க வெச்சு, யாரு குடுத்தான்னு மூணு தரம் கேட்டேன். எங்க ஆபீஸ்ல ஒரு ஆளை இன்னார்னு அடையாளம் காட்ட ரெண்டு சாட்சி வேணும் சார். நான் எல்லார்கிட்டயும் கேப்பேன், உங்களுக்கு இவரை நேர்ல தெரியுமா, எத்தனை வருஷமா தெரியும்னு. எனக்கு ஒருத்தரையும் தெரியல.

ஏம்மா அங்கயே சொல்லல? அம்மா பேரைச் சொன்னா அம்மாவுக்கு வீட்டுல திட்டு விழும்னா? அதுக்காகத் திருட்டுப் பேரை வாங்கிக்கிட்டு நின்னியா? சரி, அது போகட்டும், இந்தத் தூக்கை அப்பவே திருப்பிக் குடுத்திருக்கலாமே. ஆமா, வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாதுதான். நிறைய வளர்ந்ததும் அதையே போட்டுக் குடுக்கலாம்னு வெச்சிருந்தியா. நிறைஞ்சு வரும்னு சொன்னா சார் அவ. ஜோசியம்னேன்.

இந்தப் பையை இப்படித் தள்ளுங்க சார். நோட்டு. நாற்பத்தொண்ணு, இதோ, என் சிவப்பு மை. அழிச்சு எழுதினா ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். நீங்க ஒண்ணு போடுங்க, உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க, அவங்க ஒண்ணு. பேரு, திலகவதி அம்மா. அம்மா இருக்கட்டும், அது சரியான பேருதான். குடுத்தவர், சி. திலகவதி. வாங்கினவர், எஸ்தர். அதுக்குக் கீழ இன்னொரு வரி. குடுத்தவர், எஸ்தர். வாங்கினவர் இடத்துல நான். முப்பத்தாறு வருஷத்துல பதிவாளர் இடத்தைத் தவிர வேற இடத்துல கையெழுத்துப் போட்டதே இல்ல, கை பழைய இடத்துக்கே போகுது பாருங்க.

குரூப்லயும் போடறேன். இப்பவே, உங்க முன்னாடியே. பதினோரு பத்தி எல்லாம் இல்ல. எஸ்தர் திருடல, என் வீட்டுக்காரி குடுத்தா, நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான். டாக்டர் பாத்துட்டார், படிச்சவங்க பட்டியல்ல அவர் பேருதான் முதல்ல வருது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்க லேபுக்கு வரேன்ம்மா, இந்த நோட்டை எடுத்துக்கிட்டு. உன் மேனேஜர் எத்தனை மணி நேரம் உக்கார வெச்சாலும் உக்காருவேன். ஒரு சார்பதிவாளர் தான் எழுதினது தப்புன்னு சொல்லிக்கிட்டு வாசல்ல நிக்கறதை அவரும் பாத்திருக்க மாட்டார்.

நான் கிளம்பறேன். தண்ணி சூடு ஏறிடும், ஆட்டோவே பிடிச்சுக்கறேன். அவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல சார். மூணு தரம் வாயைத் திறந்தா, மூணு தரமும் நான்தான் மூடினேன். இப்போ நான் போய் இதை அவ கையில குடுத்துட்டு நிக்கணும், அவ என்ன வேணா சொல்லட்டும்.

இல்லம்மா, முறுக்கு டப்பாவை இப்போ காலி பண்ண வேணாம். இங்கயே இருக்கட்டும். அதுலயும் அவ பேரு வெட்டியிருக்கும், அடியில பாரு. நீயே கொண்டு வா, அவசரம் இல்ல, என்னைக்கு வேணா வா. அன்னைக்கு மட்டும் ஊசியை எடுத்துட்டு வராதே. நான் கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.